மாத்திரையும் வேளையும்

மாத்திரை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஓர் எழுத்தை ஒலிப்பதற்கு ஆகும் கால அளவை இலக்கண நூலார் மாத்திரை என்பர். கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் அதற்கு அளவு. வைத்தியர் நமக்குக் கொடுக்கும் மருந்தையும் மாத்திரை என்றே சொல்லுகிறோம். இரண்டிலும் அடங்கியிருப்பது அளவு என்னும் கருத்து. எவ்வளவு, எப்பொழுது என்ற இரண்டு கேள்விகளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இதை நாம் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும், நம் வீட்டிலேயே ஒருவருக்கு ஒரு தீங்கு நேர்ந்த பிறகுதான் அதன் முழுப் பொருளையும் உணர்ந்தோம். அந்த அனுபவத்தை முன்னிட்டு, புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்க்குத் தரப்படும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளை எவ்வாறு தீங்கின்றி உட்கொள்வது என்பதைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறோம்.

நாம் வைத்தியம் கற்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர். ஆகவே வைத்தியர் சொல்ல வேண்டியதை அவருக்கே விட்டுவிடுகிறோம். வைத்தியர் சொன்னது நோயாளியின் செவியை அடையும்பொழுது சிதையாமல் இருக்க வேண்டும் அல்லவா? அவ்வளவே நமது கவலை.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆண்களின் உடலில் மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. விந்துடன் கலக்கும் திரவத்தில் ஒரு பகுதியை அது சுரக்கிறது. வயது ஏறும்பொழுது பலருக்கு இச்சுரப்பி பருத்து, சிறுநீர் தடைப்படுவதுண்டு. அது வேறு, புற்றுநோய் வேறு. பருமனுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளும் ஒன்றல்ல. பருமனுக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு போன்றவற்றைச் சில மாதங்கள் உட்கொண்டால் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையின் எண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் அவற்றை உட்கொள்ளுகிறவர் அந்தச் செய்தியைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் தவறாமல் சொல்லவேண்டும். சொல்லாவிடில், உண்மையில் கூடுதலான எண் குறைவானதுபோல் தோன்றி, நோய் மறைந்து நின்றுவிடக் கூடும்.

இந்தப் புற்றுநோயின் அணுக்கள் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை உண்டு வளர்பவை. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவரும் அவருடைய துணைவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்பவரும் 1941ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். அந்த ஹார்மோனின் வரத்தை நிறுத்தினால் பரவிய நோயும் அடங்குகிறது என்று அவர்கள் கண்டனர். 1966இல் ஹக்கின்ஸுக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மூளையிலிருந்து இந்த ஹார்மோனுக்கான ஆணை எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லமினும் 1977இல் அப்பரிசில் பங்கு பெற்றனர். இன்று தரப்படும் ஊசிகளும் மாத்திரைகளும் இந்த இரண்டு ஆராய்ச்சிகளின் வழித்தோன்றல்களே.

ஓர் ஊருக்கு வாய்க்காலில் நீர் வருவதாக வைத்துக்கொள்வோம். நீரை நிறுத்த மூன்று வழிகள் உண்டு. மதகைத் திறக்கும்படி வரும் ஆணையை நிறுத்தலாம்; ஊற்றையே தூர்த்துவிடலாம்; வந்த நீர் வயலில் பாயாதபடி மடையை அடைக்கலாம். லூப்ரோலைடு, கோசெரலின் முதலிய ஊசிகள் மூளையின் ஆணையை நிறுத்துபவை. 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெலுகோலிக்ஸ் என்பது அதே வேலையைச் செய்யும் மாத்திரை. அபிராடிரோன் என்னும் மாத்திரை விரையில் மட்டுமன்றி, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பிகளிலும் கட்டியிலுமே ஹார்மோன் உண்டாகாதபடி ஊற்றைத் தூர்க்கிறது. பைகலூட்டமைடு, ஃபுளூட்டமைடு என்னும் பழைய மாத்திரைகளும், என்சலூட்டமைடு, அபலூட்டமைடு, டாரோலூட்டமைடு என்னும் புதியவைகளும் மடையை அடைப்பவை. அறுவைச் சிகிச்சையால் விரைகளை நீக்குவது பழைய முறையாயினும் இன்றும் பயனுள்ளது. ஒரே முறையில் முடிந்துபோவதாலும் செலவு குறைவாதலாலும் நம் நாட்டில் பலர் அதைத் தேர்ந்துகொள்ளுகின்றனர்.

நிற்க. நமது பெரியப்பாவின் கதைக்கு வருவோம்.

அவர் ரயில்வே கணக்கு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமது 76ஆம் வயதில் தில்லியில் நம்மோடு வந்து தங்கியிருந்தார். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் என்று கண்டறிந்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஊசியும், நாள்தோறும் அபிராடிரோன் மாத்திரையும், அதனுடன் பிரெட்னிசோலோன் என்னும் சிறு மாத்திரையும் கொடுத்தார்கள். டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. பெரியப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆயினும் கண் மங்கியிருந்ததால், படித்துச் சொல் என்று நம்மிடம் கொடுத்தார். நாம் படித்து, "வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், பெரியப்பா" என்றோம். மொழிபெயர்ப்பு சரியானதுதான். அகராதியைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் அதில் குற்றம் காண மாட்டார்.

ஆனால் நம் வீடுகளில் வெறும் வயிறு என்றால் என்ன பொருள்? காலையில் காபி குடிப்பதற்கு முன் என்று பொருள். பெரியப்பா ஆறு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, நான்கு மாத்திரைகளையும் விழுங்குவார். மறு நிமிடம் பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி வரும். அரை மணியில் நான்கு இட்டிலி, எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியோடு. அவருடைய கணக்கில் காபி உணவு அன்று. இட்டிலி பலகாரமே அன்றிச் சாப்பாடு அன்று. சாப்பாடு என்பது பத்து மணிக்குச் சோற்றுடன் நடப்பது. ஆகவே தாம் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவதாகவே அவர் நம்பினார். நாமும் நம்பினோம்.

இந்த மாத்திரைக்கு விதித்திருப்பதோ வேறு. அதை விழுங்குவதற்கு முன் இரண்டு மணி நேரமும், விழுங்கிய பின் ஒரு மணி நேரமும் வயிற்றில் எந்த உணவும் சேரக்கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காரணம் இதுதான்: உணவோடு சேர்ந்தால் இம்மருந்து இரத்தத்தில் பலமடங்கு மிகுதியாக ஏறிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் அது பத்து மடங்கு வரையிலும் போகக்கூடும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே கூறப்பட்டிருக்கிறது. பெரியப்பா எண்ணிக்கையில் நான்கே மாத்திரை விழுங்கினார். உடலுக்குள் சென்ற அளவு எத்தனையோ, யார் அறிவார்?

ஐந்தாவது வாரத்தில் அவருடைய கணுக்கால்கள் வீங்கின. மாடிப்படி ஏற முடியாமல் தொடைகள் துவண்டன. முதுமை என்று அவர் சொன்னார். தில்லிக் குளிர் என்று நாம் சொன்னோம். பரிசோதனைக்குச் சென்ற அன்று இரத்த அழுத்தம் 170க்கு மேல் இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு மிகவும் குறைந்திருந்தது. அந்த உப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால் இருதயத்தின் துடிப்பே தடுமாறிவிடும். அன்று அவரை மருத்துவமனையிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

அங்கிருந்த இளம் டாக்டர் அம்மையார், "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஆம் என்றே விடை வந்திருக்கும். "காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்கிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டார். பெரியப்பா சொல்லச் சொல்ல, நாம் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். காபி என்ற சொல் வந்தவுடன் அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்தித் தலைநிமிர்ந்தார். தாளில் எழுதினால் அடித்துத் திருத்தக்கூடிய பிழைகளையே வாழ்நாள் முழுவதும் செய்து வந்த நமக்கு, ஒரு மனிதருடைய காலில் வீக்கமாகத் தெரியக்கூடிய பிழையும் உண்டு என்பது அன்றுதான் விளங்கிற்று.

உப்பை ஈடுசெய்தார்கள், இரத்த அழுத்தத்திற்கு மருந்து கொடுத்தார்கள், வேளையையும் மாற்றினார்கள். இரவு ஏழரை மணிக்குள் உணவு, பத்து மணிக்குத் தண்ணீருடன் மாத்திரை, பிறகு உறக்கம். படுக்கப் போகுமுன் பால் குடிக்கும் வழக்கத்தை அவர் மனமின்றியே விட்டார். பிரெட்னிசோலோன் மாத்திரையோ இதற்கு நேர் மாறானது. அதைக் காலையில் இட்டிலியுடன் சாப்பிடச் சொன்னார்கள். ஒரே சீட்டில் உள்ள இரண்டு மாத்திரைகளில் ஒன்று உணவை விலக்குவது, மற்றொன்று உணவை வேண்டுவது. சில வாரங்களில் வீக்கம் வடிந்து, அவர் மீண்டும் மாலையில் உலாவப் புறப்பட்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சில டாக்டர்கள் தெரிந்தே அபிராடிரோனைக் கால் பங்கு அளவில், உணவோடு சாப்பிடும்படி கொடுப்பதுண்டு. அந்த முறையைக் குறித்து 2018இல் ஆராய்ச்சியும் வெளியாயிற்று. செலவைக் குறைக்க அது உதவுகிறது. அது அளவறிந்து டாக்டர் தாமே வகுக்கும் முறை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவ்வாறு கொடுத்தார்கள் என்று கேள்வியுற்று நாமாகச் செய்வதற்கு உரியதன்று.

மருந்துக்கு மருந்து விதி வேறுபடுகிறது. டாரோலூட்டமைடு நாளைக்கு இரண்டு வேளை, உணவோடு. என்சலூட்டமைடு, அபலூட்டமைடு, பைகலூட்டமைடு ஆகியவை நாளைக்கு ஒரு வேளை, உணவோடும் உணவின்றியும் கொள்ளலாம். பழைய ஃபுளூட்டமைடு எட்டு மணிக்கு ஒரு முறையாக மூன்று வேளை. ஆகவே ஒருவருடைய விதியை மற்றொருவர் கடன் வாங்கலாகாது. ஒரே மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு மாதம் 250 மில்லிகிராம் மாத்திரை வாங்கி நான்கு விழுங்கியவர், மறு மாதம் கடைக்காரர் 500 மில்லிகிராம் மாத்திரை கொடுத்ததைக் கவனியாமல் வழக்கம்போல் நான்கையே விழுங்கிவிடக் கூடும். பெட்டி மாறினால் எண்ணிக்கையையும் கேட்டறிய வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் என் செய்வது? அடுத்த வேளையில் இரண்டு மடங்காக விழுங்குவது கூடவே கூடாது. அன்றைக்கே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாமா, விட்டுவிட்டு மறுநாள் தொடரலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்தைத் தொடங்கும் நாளிலேயே இதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நலம். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் விழுங்கியவுடன் ஒரு கோடு போடுவது மிக எளிய காவல். நமது பெரியப்பா கணக்கு இலாகாக்காரர் ஆனதால் சிவப்பு மையில் கோடு போட்டு, மாத முடிவில் மீதி மாத்திரைகளை எண்ணிச் சரிபார்க்கவும் செய்தார்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உள்ளன. அபிராடிரோனுடன் தரும் பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தலாகாது. சர்க்கரை ஏறுகிறது என்றோ முகம் பூரிக்கிறது என்றோ தாமாக விட்டுவிட்டால், உடல் தளர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் சொல்லவேண்டும். அதற்கு வேறு வழி உண்டு.

ஊசி தொடங்கும் வேளையில் சில வாரங்களுக்கு பைகலூட்டமைடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஊசிதான் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். லூப்ரோலைடு போன்ற ஊசிகள் ஹார்மோனை அடக்குவதற்கு முன் முதல் சில வாரங்களில் அதைச் சற்று எழுப்பிவிடுகின்றன. அந்த எழுச்சியில் கட்டி பருக்காமல் காப்பதே அந்த மாத்திரையின் வேலை. முதுகெலும்பில் நோய் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் அடைபடுதல், முதுகில் புதிதாகக் கடும் வலி ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இம்மருந்துகளுள் பல ஈரலைத் தாக்கக்கூடியவை. ஃபுளூட்டமைடு அதில் முன்னிற்பது. பசியின்மை, குமட்டல், வலப்பக்க வயிற்று வலி, அரிப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் மஞ்சளுக்குக் காரணம் அந்த மாத்திரையாகவே இருந்தால், அதை விழுங்கிக்கொண்டே கீழாநெல்லி குடிப்பதில் என்ன பயன்? அன்றே டாக்டரிடம் சொல்லி இரத்தம் பரிசோதிக்கவேண்டும். அபிராடிரோன் உட்கொள்வோர் முதல் மூன்று மாதங்கள் இரண்டு வாரத்திற்கு ஒரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் ஈரல் பரிசோதனை செய்துகொள்வது முறை; இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் மாதந்தோறும் பார்க்கவேண்டும். உடம்பு நன்றாயிருக்கிறதே என்று இப்பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவது தவறு. உடம்பு நன்றாயிருக்கும்பொழுதே தீங்கைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் அவை ஏற்பட்டிருக்கின்றன.

வேறு மருந்து உட்கொள்ளுகிறவர் அந்தப் பட்டியல் முழுவதையும் டாக்டரிடம் காட்டவேண்டும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தை இம்மாத்திரைகளில் சில கூட்டும், சில குறைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் ஆகியவை அபிராடிரோனின் வலிமையைக் கரைத்துவிடும். கால் வீக்கத்திற்கு வேறொரு டாக்டர் ஸ்பைரனோலேக்டோன் எழுதக்கூடும். அது அபிராடிரோன் உட்கொள்வோருக்கு ஏற்றதன்று, ஏனெனில் அது அடங்கிய நோயைத் தூண்டிவிடலாம். வலிப்பு வந்த வரலாறு உடையவர் என்சலூட்டமைடு, அபலூட்டமைடு தொடங்குமுன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நாட்டு மருந்தோ லேகியமோ எதுவாயினும் மறைத்தல் கூடாது.

வீட்டில் மருந்தைப் பிரித்து வைப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவர் கர்ப்பிணியாயின் இம்மாத்திரைகளைத் தொடாதிருப்பதே நல்லது. உடைந்த மாத்திரையையும் பொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது. வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும். விழுங்க முடியவில்லை என்று நாமாகப் பொடிசெய்து கொடுப்பதும் தவறு.

ஹார்மோன் குறைவதால் உடல் முழுவதும் மாறுதல் உண்டாகும். திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், மார்பு வலித்துப் பருக்கலாம், தசை மெலியும், எலும்பு தளரும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம், மனம் சோர்ந்து காரணமின்றிக் கண்ணீர் வரலாம், இல்லற விருப்பம் குன்றும். இவற்றை வெட்கத்தால் மறைத்து, ஒரு நாள் மாத்திரையையே நிறுத்திவிடும் ஆண்கள் பலர். நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியிடமும் சொல்லாமல் தனியே புழுங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு பரிகாரம் உண்டு. நாள்தோறும் நடப்பதும், சிறு பளுவைத் தூக்கிப் பழகுவதும், டாக்டர் சொல்லும் அளவில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் கொள்வதும், எலும்பின் உறுதியைப் பரிசோதிப்பதும், புகையிலையை விடுவதும் பயன் தருபவை.

பி.எஸ்.ஏ. எண் தாழ்ந்தவுடன் நோய் தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. எண் தாழ்ந்தது மாத்திரை வேலை செய்வதால். மடையைத் திறந்தால் நீர் மறுபடி பாயும். பணமுடையால் ஒன்றுவிட்டு ஒரு நாள் விழுங்குவோரும் உண்டு. அவர்கள் அதைச் சொல்ல நாணவேண்டியதில்லை. நம் நாட்டிலேயே பல நிறுவனங்கள் இம்மருந்துகளைச் செய்கின்றன. விலைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன. மலிவான பெயர் எது, ஊசிக்குப் பதில் அறுவை பொருந்துமா என்று டாக்டரிடமே கேட்கலாம். அளவைத் தாமே குறைத்துக்கொண்டு அதை மறைத்தால், மருந்து பயன்படவில்லை என்று டாக்டர் தவறாக எண்ணி வேறொன்றுக்கு மாற்ற நேரிடும்.

முடிவாக ஒன்று. டாக்டரின் அறையை விட்டு வெளியே வருமுன், அவர் சொன்னதை நாம் ஒரு முறை திருப்பிச் சொல்லவேண்டும். "இரவு ஏழரைக்குச் சாப்பிடுவேன், பத்து மணிக்கு நான்கு மாத்திரை, காலை வரை தண்ணீர் தவிர வேறொன்றுமில்லை, சரிதானே?" என்று நம் வீட்டுக் கடிகாரத்தையும் நம் வீட்டு அடுப்பையும் வைத்துக் கேட்கவேண்டும். மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு இது புதிய பாடம் அன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்ததை மறுபடி மூலமொழிக்கே பெயர்த்துப் பார்ப்பது பிழை காண ஒரு வழி. அதை அலுவலகத்தில் செய்தோம். பெரியப்பாவுக்குச் செய்யத் தவறினோம்.

அவர் அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நம்முடன் இருந்தார். அந்த நாட்காட்டிகள் நான்கும் இன்னும் நம் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வோர் இரவிலும் ஒரு சிவப்புக் கோடு. முதல் ஐந்து வாரங்களில் மட்டும், காலை ஆறு மணி என்று குறித்து, பின்னர் அவரே அதை நீல மையால் அடித்திருக்கிறார். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் "பிழை திருத்தப்பட்டது" என்று கணக்கர் முறைப்படி எழுதி, கையொப்பமும் இட்டிருக்கிறார். நம் பெயரை அவர் எழுதவில்லை.